ஒரு பொருத்தம்கூட இல்லையா?

தம்பி,

நான் சொல்லச் சொல்ல உன் அக்கா மல்லிகா எழுதுகிறாள். தில்லை நகர் கிளினிக்கில் வேலை முடிந்து வந்து, உன் பழைய பரீட்சை அட்டையில் காகிதத்தைச் செருகிக்கொண்டு என் எதிரே உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு எழுதத் தெரியாது என்பதைத்தான் போன வாரம் நீ ஊருக்கே சொல்லிவிட்டாயே. பத்திரிகையில் உன் படம் அரைப் பக்கத்துக்கு வந்திருந்தது. "என் அப்பாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனால் திருச்சியில் நாற்பது வருஷம் கல்யாணத் தரகராக இருந்தவர். என் சீரியலில் வரும் ஒவ்வொரு கதையும் அவர் எனக்கு ஃபோனில் சொன்னது. எல்லாமே நடந்த உண்மை" என்று நீ சொல்லியிருந்ததை இவள்தான் படித்துக் காட்டினாள். படித்து முடித்துவிட்டு, "உங்களைப் பத்தி எவ்வளவு பெருமையா சொல்லியிருக்கான் பாருங்கப்பா" என்றாள். இன்னொரு தடவை படி என்றேன். படித்தாள். பாதியில் அவளுக்கே குரல் இறங்கிவிட்டது.

நீ பத்திரிகையில் பேசினாய், அதனால் நானும் பத்திரிகைக்கே சொல்லி அனுப்புகிறேன். ஃபோனில் சொல்லலாமே என்பாய். ஃபோனில் உன்னிடம் எதையும் சொல்வதில்லை என்று நான் முடிவு செய்து இரண்டு மாதம் ஆகிறது. அதோடு இந்தக் கடிதம் உனக்கு மட்டும் போய்ச் சேர்ந்தால் போதாது. என்னை நம்பி ஜாதகம் கொடுத்த ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ச் சேர வேண்டும். இதில் ஓர் அம்மாவைப் பற்றி வரும். அவரை டீச்சர் என்று சொல்கிறேன். அவர் டீச்சர் இல்லை. முதலில் எழுதியதை மல்லிகா அவர் வீட்டுக்கே போய் ஒரு வரி விடாமல் படித்துக் காட்டினாள். இரண்டு இடங்களை அடிக்கச் சொன்னார், அடித்துவிட்டோம். மற்றது இருக்கட்டும் என்றார். இப்போது எழுதுவது இரண்டாம் முறை. ஒருவருடைய வாழ்க்கையை வெளியே எடுத்து வைப்பதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்பது இவ்வளவுதான், தம்பி. ஒரு மத்தியானம் ஆகிறது.

முந்தாநாள் சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் நான் வழக்கமாக டீ குடிக்கும் கடைக்குப் போனேன். நாலு பேர் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் ஒருவர், "யோவ், நிறுத்துய்யா. பெரியவர் வந்துட்டாரு. இன்னைக்கு நீ பொண்டாட்டிகிட்ட வாங்கினது நாளைக்கு டிவியில வந்துரும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். டீ மாஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. கிளாஸை என் கையில் கொடுக்கும்போது குனிந்து, "ஐயா, தப்பா நினைக்காதீங்க. எங்கக்காவுக்கு நீங்க கொண்டாந்த இடம் கலைஞ்சு போச்சுல்ல, அதையும் தம்பிகிட்ட சொல்லிட்டீங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். இல்லைப்பா என்றேன். அது பொய். அவருக்கும் இந்தக் கடிதத்தில் சொல்லிவிடுகிறேன்: சொல்லிவிட்டேன்ப்பா. உங்கள் கதை இன்னும் டிவியில் வரவில்லை, அவ்வளவுதான்.

என் தொழிலைப் பற்றி நீ பத்திரிகையில் வேடிக்கையாகச் சொன்னாய். படிக்கத் தெரியாத தரகர், ஜாதகங்களில் கலர் கலராக நூல் கட்டி அடையாளம் வைத்திருப்பார் என்று. கட்டினேன்தான். பெண் ஜாதகத்துக்கு மஞ்சள் நூல், பிள்ளைக்குச் சிவப்பு. படித்த பெண் என்றால் இரண்டு முடிச்சு. ஒரு ஜாதகத்தை யாராவது ஒரு தடவை வாசித்துக் காட்டினால் போதும், நட்சத்திரம், ராசி, கூடப் பிறந்தவர்கள் எல்லாம் என் தலைக்குள் இறங்கிவிடும். ஆனால் தொழில் அதில் இல்லை. ஒரு இடம் கலைந்தால் ஏன் கலைந்தது என்பதைத் தரகன் விழுங்க வேண்டும். பெண் கறுப்பு என்பார்கள். அவள் அம்மாவுக்குப் புத்தி சரியில்லை என்று யாரோ சொன்னார்கள் என்பார்கள். பிள்ளை குடிக்கிறான் என்று தெரிந்திருக்கும். அதையெல்லாம் நான் எதிர் வீட்டில் போய்ச் சொன்னதே இல்லை. "ஜாதகம் சேரலைங்க" என்று மட்டும் சொல்வேன். கிரகத்தின் மேல் பழி போனால் யாருக்கும் அவமானம் இல்லை. அந்தப் பெண் மறுநாள் தலை நிமிர்ந்து தெருவில் நடக்கலாம். அப்படி எத்தனை காரணங்களை இந்த வயிற்றுக்குள் வைத்திருந்தேன்! உன் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. அவள் கேட்டுப் பார்த்துவிட்டு, "உங்க வாய்க்கு ஆண்டவன் பூட்டுப் போட்டு அனுப்பியிருக்கான்" என்று அலுத்துக்கொள்வாள்.

அந்த வாய் உன்னிடம் திறந்துகொண்டதற்குக் காரணம் நான்தான். டிப்ளமோவைப் பாதியில் விட்டுவிட்டு, டிவிக்குக் கதை எழுதப் போகிறேன் என்று நீ சென்னைக்குக் கிளம்பிய அன்று நான் சொன்ன வார்த்தையை மல்லிகாவை எழுதச் சொல்ல மாட்டேன். இரண்டு வருஷம் உன்னோடு பேசவில்லை. நீ ஒரு பெரிய எழுத்தாளருக்குக் கீழே வசனத்தைப் படியெடுத்துக் கொடுத்துக்கொண்டு, நாலு பேரோடு ஒரே அறையில் கிடந்தாய். உன் அம்மா உனக்குப் பருப்புப் பொடி கொடுத்தனுப்பியது எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்தேன். பிறகு உன் பெயர் டைட்டிலில் வந்தது. வசனம் என்று போட்டு உன் பெயர். எனக்கு அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாது. மல்லிகா, "அதோ, அதோப்பா" என்று கை காட்டுவதற்குள் ஓடிவிடும். மறுநாள் அந்த எழுத்தின் வடிவத்தை மனப்பாடம் செய்துகொண்டு உட்கார்ந்தேன். அதன் பிறகு யாரும் காட்டாமலே கண்டுபிடித்துவிடுவேன். இதை உன்னிடம் சொன்னதில்லை. சொல்லியிருக்க வேண்டும். உன்னை அன்று பேசியதற்கு என்றைக்காவது ஈடு செய்ய வேண்டும் என்று எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

உன் அம்மா போன பிறகு நீ தினமும் மத்தியானம் கூப்பிட ஆரம்பித்தாய். சொந்தமாகக் கம்பெனி வைத்து, நீயே எழுதி நீயே எடுக்கும் சீரியல் தொடங்கப் போவதாகச் சொன்னாய். அவ்வளவு வேலையிலும் அப்பனைக் கூப்பிடுகிறானே என்று தெருவில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். "சாப்பிட்டீங்களாப்பா?" என்று தொடங்குவாய். கொஞ்ச நேரத்தில், "அந்த உப்பிலியபுரத்துக்காரர் பொண்ணு பார்க்க வந்துட்டு ஏன்ப்பா பாதியிலயே எழுந்து போனார்?" என்பாய். நான் சொல்வேன். நீ சிரிப்பாய். நான் இன்னொன்று சொல்வேன். உன்னைச் சிரிக்க வைப்பது எனக்குப் பிடித்திருந்தது. நாற்பது வருஷம் விழுங்கியதையெல்லாம் ஒன்றொன்றாகக் கக்கினேன். சீரியலில் தரகர் குடையும் மஞ்சள் பையுமாக வந்து தடுக்கி விழுந்தபோது, அது நான்தான் என்று பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டுக் காட்டியவனும் நான்தான். அந்த வெட்கத்தையும் எழுதிக்கொள், மல்லிகா.

ஆனால் டீச்சர் விஷயத்தை நான் கதையாகச் சொல்லவில்லை. அது உனக்கே தெரியும். அன்று உன் அம்மாவின் திதி. மனசு சரியில்லாமல் இருந்தது. "தம்பி, நான் ஒரு பாவம் பண்ணியிருக்கேன்டா" என்றுதான் ஆரம்பித்தேன். டீச்சர் அப்போது இருபத்தேழு வயதுப் பெண். அரசாங்க வேலை. ஸ்ரீரங்கத்தில் வீடு. படுக்கையில் அம்மா, நிரந்தர வேலை இல்லாத அண்ணன், படிக்கிற தம்பி தங்கைகள். நான் கொண்டுபோன பிள்ளை நல்ல பிள்ளை. உறையூர் ஜோசியர் பார்த்துவிட்டு எட்டுப் பொருத்தம், இதைவிட என்ன வேண்டும் என்றார். மறுநாள் காலை அம்மா மண்டபத்துப் படித்துறையில் அந்த அண்ணன் என்னைப் பிடித்தார். குளித்த ஈரத்தோடு நின்றார். "சேரலைன்னு சொல்லிடுங்க ஐயா. ரெண்டு வருஷம் தள்ளிப் போகட்டும். அவ போயிட்டா எங்க வீட்ல அடுப்பு எரியாது" என்றார். "நான் கேவலமானவன்தான், எனக்குத் தெரியும்" என்று சொல்லி, அத்தனை பேர் குளித்துக்கொண்டிருந்த இடத்தில் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். ஒரு பெண்ணுக்கு இருபத்தேழு வயதில் இரண்டு வருஷம் என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்தும் தலையாட்டினேன்.

பிள்ளை வீட்டில் போய், பெண் வீட்டு ஜோசியர் வேண்டாமென்றுவிட்டார் என்றேன். டீச்சர் வீட்டில் போய், ஜாதகம் சேரவில்லை என்றேன். அண்ணன் கொல்லைப்பக்கம் போய்விட்டார். டீச்சர்தான் காபி கொண்டுவந்து கொடுத்தார். டம்ளரை நான் வாங்கும்போது, விடாமல் பிடித்துக்கொண்டு, "ஒரு பொருத்தம்கூட இல்லையா?" என்று கேட்டார். இல்லைம்மா என்றேன். டம்ளரை விட்டார். அந்தக் கேள்வி எனக்கும் அவருக்கும் மட்டுமே தெரியும். அதன் பிறகு அந்த வீட்டுக்கு வேறு இடம் எதுவும் அமையவில்லை. அண்ணனும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நான் பெண் பார்க்கட்டுமா என்று போனபோது, "எனக்கு அந்தப் பேச்சே வேணாம் ஐயா" என்று என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். தம்பி தங்கைகள் கரையேறிப் போனார்கள். இவர்கள் இருவரும் அந்த வீட்டிலேயே கிழவனும் கிழவியும் ஆனார்கள். இதையெல்லாம் நான் சொன்னபோது நீ ஒரு வார்த்தை பேசவில்லை. என் பிள்ளைக்கு மனசு கனத்துவிட்டது என்று நினைத்தேன். இடையில் டக் டக் என்று ஏதோ கேட்டது. "என்னடா சத்தம்?" என்றேன். "ஒண்ணுமில்லப்பா, இங்க மழை" என்றாய். இப்போது யோசித்தால், சித்திரை மாதம் அது.

நீ பெயரை மாற்றினாய். ஊரைக் கும்பகோணம் ஆக்கினாய். வேலையை நர்ஸ் வேலை ஆக்கினாய். அண்ணன் அழுததை வெட்டிவிட்டாய். அவர் கல்யாணம் செய்துகொள்ளாததையும் வெட்டிவிட்டு, தங்கை சம்பளத்தில் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு தாலி கட்டுகிறவராகக் காட்டினாய். எல்லாவற்றையும் மாற்றத் தெரிந்த நீ அந்த ஒரு வரியை மட்டும் மாற்றவில்லை. காபி டம்ளரையும் மாற்றவில்லை. ஏன் என்று எனக்குப் புரிகிறது. நீ எத்தனை நாள் உட்கார்ந்து யோசித்தாலும் அதைவிட நல்ல வசனம் உனக்குக் கிடைத்திருக்காது. அதை ப்ரோமோவில் போட்டாய். ஒரு வாரம், விளம்பரம் வரும்போதெல்லாம், அந்த நடிகை டம்ளரைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தாள்.

டீச்சர் அடுப்படியில் இருந்தாராம். அண்ணனுக்குப் பக்கவாதம் வந்து மூன்று வருஷம் ஆகிறது. பேச்சு போய்விட்டது, வலது பக்கம் விழுந்துவிட்டது. அவருக்காகத்தான் டிவி ஓடும். இட்லியைப் பாலில் ஊற வைத்துக்கொண்டிருந்தபோது தன் குரல் கேட்டதாம். "என் குரல் மாதிரி இல்லைங்க ஐயா. என் குரலேதான்" என்றார் என்னிடம். அண்ணன் கேட்டுத்தான் தரகர் பொய் சொன்னார் என்பதையும் அந்தச் சீரியலில் பார்த்துவிட்டாராம். ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்து, சத்திரத்தில் இறங்கி, விசாரித்துக்கொண்டு உறையூருக்கு நம் வீட்டுக்கே வந்துவிட்டார். நாற்பது வருஷத்துக்குப் பிறகு பார்க்கிறேன். தலை முழுக்க நரை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ஜாதகம் சேர்ந்துதா, சேரலையா? அதை மட்டும் சொல்லுங்க."

"அது சீரியல்மா. பையன் ஏதோ கற்பனையா எழுதுறான்."

"நான் உங்ககிட்ட கேட்டது அவனுக்கு எப்படிக் கற்பனையில வந்துச்சு?"

நான் பார்வையைத் தரையில் போட்டேன். அதுவே பதிலாகிவிட்டது. அப்போதுதான் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அழவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார். "பன்னெண்டு மணிக்கு எங்கண்ணனுக்குச் சாப்பாடு குடுக்கணும். மூணு வருஷமா நான்தான் ஊட்டுறேன். இப்ப போய் நான் எப்படிங்க ஐயா ஊட்டுறது?" என்றார்.

அன்று சாயங்காலமே உன்னைக் கூப்பிட்டேன். நினைவிருக்கிறதா? "பேரு, ஊரு எல்லாம் மாத்திட்டேனேப்பா" என்றாய். "அவங்களுக்கு உண்மை தெரிஞ்சது நல்லதுதானே? காலம் பூரா ஏமாந்துகிட்டே இருக்கணுமா?" என்றாய். ஒருவேளை நீ சொல்வதில் நியாயம் இருக்கலாம் என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். அடுத்து நீ கேட்டதுதான் என்னைக் கொன்றுவிட்டது. "அப்பா, அவங்க சென்னைக்கு வருவாங்களா? ஸ்பெஷல் எபிசோடுக்கு மேடையில உக்கார வெக்கலாம். அண்ணனையும் வீல்சேர்ல கூட்டிட்டு வந்தா ரொம்ப நல்லா இருக்கும்" என்றாய். நான் ஃபோனை வைத்துவிட்டேன். கோபத்தில் வைக்கவில்லை. அந்தப் பக்கம் பேசுவது யார் என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது. அதற்குப் பிறகாவது நீ நிறுத்தியிருப்பாய் என்று நினைத்தேன். பத்திரிகையில் போய், எல்லாமே திருச்சியில் நடந்த உண்மை என்றாய். மல்லிகா இந்த இடத்தில், "போதும்பா, அவனுக்குப் புரியும்" என்கிறாள். புரிந்தால் சரி.

உன்னிடம் ஃபோனில் பேசிய மறுநாள் நான் ஸ்ரீரங்கம் போனேன். செய்ய வேண்டியதை நாற்பது வருஷம் தள்ளிச் செய்தேன். அண்ணன் கட்டிலில் கிடந்தார். டீச்சர் வாசற்படியில் நின்றார். இருவருக்கும் கேட்கும்படியாகச் சொன்னேன். "எட்டுப் பொருத்தம் இருந்துச்சும்மா. உங்கண்ணன் கேட்டுக்கிட்டார், ஆனா பொய் சொன்னது நான். ரெண்டு வீட்லயும் நான்தான் சொன்னேன். அவர் கேட்டப்போ படித்துறையில நின்னு அழுதார். டிவியில அதை விட்டுட்டாங்க." கட்டிலில் இருந்தவர் கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணிலிருந்து நீர் இறங்கிக் காதுக்குள் போனது. துடைக்க அவருக்குக் கை வரவில்லை. டீச்சர் அதைப் பார்த்தார். பிறகு என்னிடம், "அந்தப் பிள்ளை எங்க இருக்கார்?" என்று கேட்டார். துறையூர்ப் பக்கம் இருக்கிறார், பேரன் பேத்தி எடுத்துவிட்டார் என்றேன். "நல்லா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். துடைக்க வரவில்லை. நான்தான் துடைத்தேன்.

அன்றிலிருந்து அவரால் ஊட்ட முடியவில்லை. சமைக்கிறார், குழைக்கிறார், கிண்ணத்தில் எடுத்து வைக்கிறார். கட்டில்வரைக்கும் வருகிறார். "கை போக மாட்டேங்குதுங்க ஐயா. வெறுப்பு இல்ல. கைதான் போக மாட்டேங்குது" என்கிறார். காலையிலும் ராத்திரியிலும் பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி வந்து ஊட்டுகிறாள். மத்தியானம் நான் போகிறேன். எனக்கும் எழுபத்தெட்டு ஆகிறது, பஸ் படி உயரமாகத்தான் இருக்கிறது. போகிறேன். முதல் நாலு நாள் அந்த மனுஷர் வாயைத் திறக்கவில்லை. என் கையால் சாப்பிட அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். ஐந்தாம் நாள் திறந்தார். நேற்று நான் ஸ்பூனை எடுத்தபோது, அறைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "சூடா இருக்குங்க ஐயா, ஆத்திக் குடுங்க" என்று குரல் வந்தது. ஆற்றிக் கொடுத்தேன்.

உனக்காக அவரிடம் கேட்டேன். என்னை ஏமாற்றியவன் நீயாக இருந்தாலும் உனக்காகக் கேட்கிற இடத்தில்தான் நான் இருக்கிறேன். "பையன் வந்து மன்னிப்பு கேட்டா ஏத்துக்குவீங்களாம்மா?" என்றேன். "வேணாங்க. அவன் நல்லா கேப்பான். எழுதுறவன், அழகா கேப்பான், அதுல நானும் அழுதுருவேன்" என்றார். கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டு, "வர்றதா இருந்தா பேசாம வந்து, ஒரு நாள் அவருக்கு ஊட்டிட்டுப் போகச் சொல்லுங்க" என்றார். மல்லிகா படித்துக் காட்டியபோது, அடிக்க வேண்டாம் என்று அவர் விரல் வைத்துச் சொன்ன வரி இது.

ஆகவே வா. உனக்குச் சொல்ல என்னிடம் இன்னும் கதை இருக்கிறது, இனி சொல்ல மாட்டேன். இதை மட்டும் சொல்லித் தருகிறேன். ஃபோனை வீட்டில் வைத்துவிட்டு வா. பன்னிரண்டு மணிக்கு முன்னால் வந்துவிடு. முதுகுக்குத் தலையணை கொடுத்து அவரை நிமிர்த்தி உட்கார வை. படுத்தபடி கொடுத்தால் புரையேறும். ரசம் சாதம் மையக் குழைந்திருக்கும், அரை ஸ்பூனுக்கு மேல் எடுக்காதே. வாயின் இடது பக்கமாக வை. வலது பக்கம் வைத்தால் வெளியே வழிந்துவிடும், அவருக்கு வெட்கமாகப் போய்விடும். வழிந்தால் துடை, ஆனால் முகத்தைப் பார்த்துக்கொண்டே துடைக்காதே. அவசரப்படாதே. விழுங்கிவிட்டாரா என்று தொண்டையைப் பார். பார்த்த பிறகு அடுத்த வாய் கொடு.